தரையிலிருந்து ஒன்றரை அடி

ஆரணி
12.2.1996

அன்புத் தம்பி தனசேகரனுக்கு அக்கா கீதா எழுதுவது.

நீ மஸ்கட் போய்ச் சேர்ந்த விவரமும் வீட்டு பிளானும் ஒரே உறையில் வந்து சேர்ந்தன. பனி குறைந்ததிலிருந்து அம்மாவின் மூட்டுவலி தேவலை. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் வயிற்று எரிச்சல் எப்படி? கேம்ப் சமையல்காரரிடம் மிளகாயைக் குறைக்கச் சொல்.

கடக்கால் முடிந்து பேஸ்மட்டம் எழும்பிவிட்டது. காலையில் மூன்று சக்கர வண்டியைக் கையால் சுற்றிக்கொண்டு மனைக்குப் போய்விடுகிறேன். அங்கே இறங்கி, என் சக்கரப் பலகையில் உட்கார்ந்தபடி மூலை மூலையாகப் பார்க்கிறேன். வேடியப்பன் மேஸ்திரி நேற்று தன் ஆட்களிடம், "நின்னுகினு பாக்கறவங்களுக்கு மேல்வரிதான் தெரியும். இந்தம்மா கீழ்வரியப் பாக்குது. ஜாக்கிரதையா வேல செய்யுங்கடா" என்றார்.

உன் பிளானில் ஜன்னல்கள் எங்கே என்று இருக்கிறது, எந்த உயரத்தில் என்று இல்லை. சுவர் எழும்புமுன் சில் மட்டம் சொல்ல வேண்டும் என்று மேஸ்திரி அவசரப்படுத்துகிறார். தரையிலிருந்து எத்தனை அடியில் ஜன்னல் தொடங்குகிறது என்பதுதான் சில் மட்டம். சேலை டிசைன் போடுகிற கிராப் தாளிலேயே நம் வீட்டையும் கட்டம் கட்டமாகப் போட்டுப் பார்த்தேன். கூடத்துக்கு மூன்றடி. சமையல் மேடைக்கு மேலே நாலடி. தெருப்பக்கப் படுக்கையறை உனக்கும் வரப்போகிறவளுக்கும். அது உன் இஷ்டம். பின் அறைக்கு ஒன்றரை அடி. கிராப் வேலைக்கு வெளிச்சம் தாழ்வாக விழ வேண்டும். குழித்தறி போட்ட வீடுகளில் எல்லாம் அந்த உயரம்தான், யாரும் விநோதமாகப் பார்க்க மாட்டார்கள்.

உடனே பதில் போடு. வெள்ளிக்கிழமை லீவில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்கிறாள் அம்மா.

அக்கா
கீதா

*

மஸ்கட்
1.3.1996

அன்புள்ள அக்காவுக்கு,

வயிறு பரவாயில்லை, தினமும் தயிர் சாப்பிடுகிறேன். இங்கே இப்போதே வெயில் ஏறிவிட்டது. அம்மாவுக்கு மூட்டுக்குத் தடவ ஒரு மருந்து வாங்கி வைத்திருக்கிறேன். ஊருக்கு வருகிற ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கம்பெனியில் இருக்கும் கேரளா இஞ்சினீயரிடம் கேட்டேன். கூடத்துக்கு மூன்றரை அடி. சமையலறை நீ சொன்னபடி. தெருப்பக்கப் படுக்கையறைக்கு ஐந்தடி. தெருவில் போகிறவன் கண்ணெல்லாம் உள்ளே விழக்கூடாது. பின் அறைக்கு ஜன்னல் தேவையில்லை. ஆறடிக்கு மேல் ஒரு வென்டிலேட்டர் வைத்தால் போதும். அந்தப் பக்கம் சந்து இருக்கிறது, திருடன் பயம். மழைச் சாரல் அடிக்கும். பீரோவோ மூட்டையோ வைக்கச் சுவர் முழுசாக வேண்டும். அது வெறும் அறைதானே.

சேத்துப்பட்டுப் பெண்ணின் அப்பா சம்பந்தம் அவர்கள் நம் வீடு எப்படி வருகிறது என்று பார்க்க ஒருநாள் வரலாம். வந்தால் அம்மா பேசிக்கொள்ளட்டும். நீ வெயிலில் மனைக்கு அலைய வேண்டாம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி
தனசேகரன்

*

ஆரணி
17.3.1996

தம்பிக்கு,

அம்மா சௌக்கியம். உனக்கு வயிறு தேவலை என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது.

பின் அறை வெறும் அறை இல்லை, தனசேகரா. அதில் நான் இருக்கப் போகிறேன். நீ மறந்துபோய் எழுதியிருப்பாய்.

சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்துகொண்டு மேஸ்திரியை டேப் பிடிக்கச் சொன்னேன். தரையிலிருந்து என் கண் இரண்டடி நாலு அங்குலம். ஆறடியில் ஓட்டை வைத்தால் பொழுது விடிந்தது தெரியும், பொழுது போனது தெரியும், வேறு ஒன்றும் தெரியாது. திருடனுக்குக் கம்பி போடலாம். சாரலுக்கு மேலே சிலாப் நீட்டலாம். பீரோ எனக்குக் கிடையாது.

ஒன்றரை அடியில் இடம் விடச் சொல்லிவிட்டேன். மரச்சட்டமும் வந்து நிறுத்தியாயிற்று. கோபித்துக்கொள்ளாதே. நீ எழுதினது அல்லாமல் வேறு காரணம் இருந்தால் எழுது, யோசிக்கலாம்.

உன் கல்யாணப் பேச்சை எடுத்தாலே அம்மா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறாள். போய்ப் பார்த்தால் அடுப்பில் ஒன்றும் இருப்பதில்லை.

அக்கா
கீதா

*

மஸ்கட்
10.4.1996

அக்காவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். வேலை அதிகம், அதனால்தான் தாமதம்.

வேறு காரணம் எதுவும் இல்லை. நீ எதையோ மனசில் வைத்துக்கொண்டு படிக்கிறாய். வந்தவாசி இடம் எதனால் தட்டிப்போனது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிச்சயம் வரைக்கும் வந்த இடம். அன்றைக்கு அம்மா அழுததை நீயும்தான் பார்த்தாய். நான் உன்னைக் குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். எனக்கும் முப்பத்தொன்று ஆகிறது.

முதலில் கல்யாணம் முடியட்டும். ஜன்னலை எப்போது வேண்டுமானாலும் இடித்து வைத்துக்கொள்ளலாம். இப்போது நான் சொல்கிறபடி செய்.

அம்மாவை வெறும் தரையில் படுக்க விடாதே.

தனசேகரன்

*

ஆரணி
3.5.1996

தம்பி தனசேகரனுக்கு,

இங்கே அக்னி நட்சத்திரம் தொடங்குமுன்பே மண்டை வெடிக்கிறது. மற்றபடி இருவரும் நலம். நீ அனுப்பிய மருந்து வந்தது. அம்மா இரண்டு நாள் தடவிவிட்டு, நாற்றம் பிடிக்கவில்லை என்று மூடி வைத்துவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை சம்பந்தம் அவர்கள் மனைக்கே நேராக வந்துவிட்டார். அம்மா வீட்டில் இருந்தாள். நான் பின் அறை ஜன்னல் பக்கத்தில் பலகை மேல் உட்கார்ந்து கிராப் தாளில் அளவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் வந்த களைப்பு, அவருக்கு வியர்த்து வழிந்தது. மேஸ்திரி தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"யாரும்மா நீ? இங்க ஒக்காந்துகினு இன்னா எழுதற?"

நான் பதில் சொல்லுமுன் அவரே வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். நல்ல மனுஷராகத்தான் தெரிந்தார். தன் பெண் ஹேமலதாவைப் பற்றிச் சொல்லும்போது குரல் இளகியது. பேச்சோடு பேச்சாக வேறொன்றும் சொன்னார். அதை எழுதவில்லை, உனக்குத் தெரிந்ததுதான்.

மறுபடியும், "யாருன்னு கேட்டனே?" என்றார்.

"அளவு பாக்கறவங்க" என்றேன்.

மேஸ்திரி கையிலிருந்த சொம்பு கீழே விழுந்தது. அவர் அதை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சம்பந்தம் அவர்கள் குனிந்து அந்த ஜன்னலைப் பார்த்தார். "இது இன்னாத்துக்கு இவ்ளோ தாழ? கோழி வந்து போவறதுக்கா?" என்று சிரித்தார். "ஒக்காந்து வேல செய்யறவங்களுக்குங்க" என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

தை மாதம் அவர்கள் நம் வீட்டைப் பார்க்க வந்த அன்று, முடித்த கிராப்பை அவசரமாகக் கடையில் கொடுத்துவிட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினாய். கடை பூட்டியிருந்தது. வெயிலில் ஒரு மணிநேரம் காத்திருந்துவிட்டுத் திரும்பினேன். கடைக்காரர் வெளியூர் போயிருப்பது உனக்குத் தெரியாது என்றுதான் அன்று நினைத்தேன்.

நான் சொன்ன பதில் சரிதானா என்று எழுது.

அக்கா

*

ஆரணி
27.6.1996

தனசேகரனுக்கு,

அம்மாவுக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. ஜுரம் இல்லை. நீ நலம் என்று நம்புகிறேன். எனக்கு நீ எட்டு வாரமாக எழுதவில்லை. ஆனால் எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறாய்.

செவ்வாய்க்கிழமை காலை வேடியப்பன் மேஸ்திரி ஓர் உறையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு. "உங்க தம்பி எனக்கே தனியா லட்டர் போட்டுகிறாரும்மா. எனக்கு இன்னா படிக்கத் தெரியும்? ஜல்தி படிச்சி சொல்லு."

பிரித்தேன். முதல் வரியைப் பார்த்ததுமே மடித்து வைத்திருக்கலாம். வேறு ஏதாவது படித்துக் காட்டியிருக்கலாம். அவருக்கு வந்த கடிதம், அவர் கேட்க வேண்டும். படித்தேன்.

பின் அறை ஜன்னலை உடனே செங்கல் வைத்து ஐந்தடி வரைக்கும் மூடச் சொல்லியிருந்தாய். கூடத்துக்கு இருக்கும் கதவைத் தவிர, கொல்லைப் பக்கம் தனியாக ஒரு கதவு வைக்கச் சொல்லியிருந்தாய். விருந்தாளி வந்தால் கூடத்துக் கதவைத் தாழ்போட வசதியாக, தாழ்ப்பாள் கூடத்துப் பக்கம் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய்.

மேஸ்திரி, "போதும்மா, வுட்ரு" என்றார்.

"இன்னும் நாலு வரி இருக்குது மேஸ்திரி. கேட்டுக்கோங்க" என்றேன்.

அந்த நாலு வரி உனக்கு ஞாபகம் இருக்கும். 'அக்கா எது சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் கண்ணில் அவள் பட்டால் என் வாழ்க்கை போய்விடும்.' கையெழுத்தோடு படித்து முடித்தேன்.

அவர் முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "நான் கட்டமாட்டேன். வேற ஆளப் பாத்துக்கோ" என்றார். அது உன் வீடு, உன் உழைப்பு, நீ சொல்கிறபடியே அவர் கட்ட வேண்டும் என்று நான்தான் சொன்னேன். கட்டி முடிக்கும்வரை அறைக்கு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு வரிச் செங்கல் பிடித்தது. எட்டாவது வரியில் மடியிலிருந்த கட்டத்தாள் தெரியாமல் போயிற்று. தாழ்ப்பாள் மட்டும் போடவில்லை. அதைக் கேட்காதே.

சம்பந்தம் அவர்கள் அன்று என்ன சொன்னார் என்று இப்போது எழுதுகிறேன். 'ஒரே புள்ள, அக்கா தங்கச்சி பிக்கல் இல்லாத எடம், எம்பொண்ணு ராணி மாதிரி இருப்பா' என்றார். அம்மாவிடம் கேட்டேன். "எனக்குத் தெரியும்டி. காலப் புடிச்சிகினு கேட்டான், நான் இன்னா பண்றது?" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

நான் அந்த வீட்டுக்கு வரவில்லை. அடுத்த தெருவில் கன்னியம்மாள் வீட்டில் முன்னறை காலியாக இருக்கிறது. ஒன்றாம் தேதி போகிறேன். என் வேலை என்னைக் காப்பாற்றும், நீ கவலைப்படாதே. வேளைக்குச் சாப்பிடு.

கீதா

*

மஸ்கட்
12.7.1996

அக்கா, அக்கா,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. வேலைக்குப் போகவில்லை. ஜுரம் என்று சொல்லிவிட்டுப் படுத்திருக்கிறேன்.

வேடியப்பனுக்குப் படிக்கத் தெரியாது என்பதை மறந்துவிட்டேன். சத்தியமாக நீ படிக்க வேண்டும் என்று எழுதவில்லை. இதை எழுதின பிறகுதான் எவ்வளவு கேவலம் என்று தெரிகிறது. நீ படிக்காவிட்டால் மட்டும் அது நல்ல கடிதமாகிவிடுமா?

சேத்துப்பட்டில் பெண் பார்க்கப் போனபோது நடந்தது. சம்பந்தம் அவர்கள், "கூடப் பொறந்தவங்க?" என்று கேட்டார். ஹேமலதா அப்போதுதான் காபியை வைத்துவிட்டு உள்ளே திரும்பினாள். எனக்கு வந்தவாசிக்காரர் வீட்டுக் கூடம் கண்முன் வந்தது. "யாரும் இல்லீங்க" என்று வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு எடுக்க முடியவில்லை. கல்யாணம் முடிந்ததும் மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். இங்கே ஒரு ரூமில் ஆறு பேர். ஐந்து பேருக்கும் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு எழுதப் பெண்டாட்டி இருக்கிறாள்.

தயவு செய்து கன்னியம்மாள் வீட்டை விட்டு வந்துவிடு. ஊர் என்ன பேசும்? தை வரைக்கும், ஆறே மாதம், பொறுத்துக்கொள். அதற்குள் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். அப்புறம் நானே உன் ஜன்னலை இடித்துத் தருகிறேன்.

உன் தம்பி

*

ஆரணி
கன்னியம்மாள் வீடு
5.8.1996

தம்பி,

ஜுரம் பொய்யாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஆறு மாதம் என்று நீ எழுதினாய். ஆறு மாதத்துக்கு நான் யார் என்று எழுதவில்லை.

ஆவணியில் குறித்திருந்த கிருகப்பிரவேசத்தை அம்மா நிறுத்திவிட்டாள். நான் சொல்லவில்லை. "பெத்தவ ஒருத்தி இங்க இருக்கறா. பொண்ணு இல்லாத ஊட்ல பால் காய்ச்ச மாட்டேன்" என்று புரோகிதரிடமே சொல்லிவிட்டு வந்தாளாம். இப்போது பாயைச் சுருட்டிக்கொண்டு என்னோடு வந்துவிட்டாள். நான் அவளோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. ஆனால் தலை வாரிவிடுகிறேன்.

சம்பந்தம் அவர்களுக்கு நான் எழுத மாட்டேன். அம்மாவும் எழுத மாட்டாள். சொன்னவன் நீ. எடுக்க வேண்டியவனும் நீதான்.

கீதா

*

மஸ்கட்
29.8.1996

அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. பொய் ஜுரம்தான்.

நேற்று சேத்துப்பட்டுக்குத் தபால் போட்டுவிட்டேன். நாலு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டு, கடைசியில் பாதிப் பக்கம்தான் அனுப்பினேன். எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள், அவளுக்குப் போலியோ, அவள் போட்ட டிசைன்களின் காசில்தான் நான் ஐ.டி.ஐ. படித்தேன், பாஸ்போர்ட் எடுத்தேன், அவள் இல்லை என்று உங்களிடம் சொன்னேன். இவ்வளவுதான். பெட்டியில் போட்டதும் கையை உள்ளே விட்டு எடுக்க முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை.

அம்மாவிடம் சொல்லு.

தனசேகரன்

*

சேத்துப்பட்டு
26.9.1996

கீதா அவர்களுக்கு,

என்ன முறை வைத்து எழுதுவது என்று தெரியவில்லை. உங்கள் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். நான் சம்பந்தம் அவர்களின் மகள் ஹேமலதா. இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு டீச்சராக இருக்கிறேன்.

உங்கள் தம்பியின் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. அப்பா முதல் நாள் கத்தினார். பிறகு தன் கடையைத் திறக்காமல் உட்கார்ந்துவிட்டார். "கால் ஊனம்னா நான் வேணாம்னு சொல்லி இருப்பனா இல்லயானு எனக்கே தெரியல. அத தெரிஞ்சிக்கறதுக்குக்கூட அவன் எனக்கு எடம் குடுக்கல. அந்தப் பொண்ணும் என் மூஞ்சியப் பாத்து அளவு பாக்கறவன்னு சொல்லிட்டா" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். உங்கள் மேல்தான் அவருக்கு அதிக வருத்தம் என்று தோன்றுகிறது.

எனக்கு வேறு ஒன்று கேட்க வேண்டும். அப்பா மனைக்கு வந்த அன்று, ஜன்னல் உயரங்களையும் குறித்திருந்த வீட்டு பிளானின் நகல் ஒன்று வாங்கி வைத்திருந்தார். அதை எடுத்துப் பார்த்தேன். தெருப்பக்கப் படுக்கையறை ஜன்னல் ஐந்தடி என்று எழுதியிருக்கிறது. நான் நாலடி பத்து அங்குலம். வகுப்பில் கரும்பலகையின் மேல்பாதியில் எழுத நாற்காலி போட்டுக்கொள்கிறவள். அந்த அறையில் நான் நின்றாலும் வெளியே தெரியாது.

உங்களை மறைக்கத் துணிந்தவர் என்னை எதற்காக மறைக்கிறார்? அவர் சுபாவமே இதுவா, இல்லை பயத்தில் செய்ததா? அவரைக் கேட்டால் நல்லவிதமாக எழுதுவார். நீங்கள் சொல்லுங்கள். இந்த முறை உண்மையைச் சொல்லுங்கள்.

பள்ளிக்கூட விலாசத்துக்கே எழுதலாம்.

ஹேமலதா

*

ஆரணி
4.10.1996

அன்புள்ள ஹேமலதாவுக்கு,

நீயும் அப்பாவும் நலமாக இருக்க வேண்டும். உன்னை நீ என்று எழுதுகிறேன், எனக்குப் பத்து வயது சின்னவளாக இருப்பாய்.

அப்பாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அன்று நான் பொய் சொன்னது தம்பிக்காக என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு யோசித்தால் அது முழுசும் சரியில்லை. 'நான் அக்கா' என்று சொன்னால் அவர் முகம் எப்படி மாறும் என்று பார்க்க எனக்கும் தைரியம் இல்லை.

தனசேகரனைப் பற்றிக் கேட்டாய். பன்னிரண்டு வயதில் என்னை முதுகில் தூக்கிக்கொண்டு திருமலைக்குப் படி ஏறினவன். பாதியில் இரண்டு தடவை உட்கார்ந்தான், இறக்கிவிடவில்லை. அவனேதான் வேடியப்பன் மேஸ்திரிக்கு அந்தக் கடிதமும் எழுதினான். இரண்டும் அவன்தான். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்க்க மாட்டான். உன் ஜன்னலும் அந்தப் பயம்தான் என்று நினைக்கிறேன், சத்தியம் செய்ய மாட்டேன்.

அவனைக் கட்டிக்கொள் என்றும் சொல்ல மாட்டேன், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். வீடு பூட்டிக் கிடக்கிறது, சாவி என்னிடம் இருக்கிறது. ஒருநாள் வந்து அந்த அறையில் நின்று பார்.

அம்மா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

கீதா

*

ஆரணி
29.10.1996

தம்பி தனசேகரனுக்கு,

அம்மா நலம். மழை பிடித்துக்கொண்டது, மூட்டு மறுபடி வலிக்கிறது. அந்த நாற்ற மருந்தையே தேடி எடுத்துத் தடவிக்கொள்கிறாள். நீ எழுதிய இரண்டு கடிதங்களும் கிடைத்தன. பதில் எழுத ஒன்றும் நடக்காததால் எழுதவில்லை. இப்போது நடந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஹேமலதா அப்பாவை அழைத்துக்கொண்டு வந்தாள். கன்னியம்மாள் வீட்டுக்கு வந்து, என் வண்டிக்குப் பின்னாலேயே மனைக்கு நடந்தாள். தெருவே பார்த்தது. சம்பந்தம் அவர்கள் பத்தடி தள்ளி வந்தார். அம்மாவும் மேஸ்திரியும் அங்கே இருந்தார்கள்.

ஹேமலதா தெருப்பக்க அறையில் போய் நின்றாள். நிமிர்ந்து பார்த்தாள். குதிகாலைத் தூக்கிப் பார்த்தாள். பின் அறைக்கு வந்தாள். ஒரே இருட்டு, புதுச் சிமென்ட் நாற்றம். நான் பலகையில் இருந்தேன். அவள் சுற்றிப் பார்த்துவிட்டு, வெளிர்மஞ்சள் புடவையோடு அந்தத் தூசியில் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா, "ஐயோ பொடவடி" என்றாள். அவள் காதில் வாங்காமல் எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

பிறகு, "மேஸ்திரி, கடப்பாரை இருக்குதா?" என்று கேட்டாள்.

வேடியப்பன் மேஸ்திரி என்னைப் பார்த்தார். இது உன் வீடு என்று அன்று சொன்னவள் நான். ஹேமலதா என் பக்கம் திரும்பி, "அவருக்கு நான் எழுதிக்கிறேன்" என்றாள். மேஸ்திரி இடிக்க ஆரம்பித்தார். பாதி இடிந்ததும் வெளியே சந்தில் ஓர் ஆடு நின்று எங்களைப் பார்த்தது. அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுதேன். அம்மாவும் அழுதாள். மேஸ்திரி நிறுத்தாமல் இடித்துக்கொண்டிருந்தார்.

சம்பந்தம் அவர்கள் நிலைப்படிக்கு வெளியே நின்றபடி எல்லாவற்றையும் பார்த்தார். கடைசியில் என்னிடம் பேசினார்.

"அன்னிக்கு நீ உண்மைய சொல்லி இருந்தா நான் அப்பவே பஸ் ஏறி இருப்பேன்."

"தெரியுங்க. அதனாலதான் சொல்லல."

"இன்னிக்கு?"

"இன்னிக்கு நீங்க பஸ் ஏறினாலும் சொல்லுவேன். நான் தனசேகரனோட அக்கா."

"பையன் வரட்டும். என் எதுருல நின்னு இதையே அவன் வாயால சொல்லட்டும். அப்புறந்தான் தேதி, பத்திரிகை எல்லாம். எம்பொண்ணு சொல்றானு நான் தல ஆட்டல" என்றார். ஹேமலதா போகும்போது தெருப்பக்க அறைச் சுவரில் சாக்பீஸால் மூன்றடியில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனாள். அதை இடிப்பதா வேண்டாமா என்பது நீ வந்த பிறகு.

மன்னித்துவிட்டாயா என்று இரண்டு கடிதத்திலும் கேட்டிருந்தாய். ஆமாம் என்று எழுதினால் நம் வீட்டில் இன்னொரு பொய் சேரும். இல்லை என்று எழுதவும் கை வரவில்லை. அந்த அறையில் வெளிச்சம் வந்துவிட்டது, ஆனால் நான் இன்னும் குடிபோகவில்லை. அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

லீவு உறுதியானதும் எழுது. மெட்ராஸில் இறங்கி நேரே சேத்துப்பட்டுக்குப் போ. சொல்ல வேண்டியதை அங்கே சொல்லிவிட்டு, அவர் என்ன பதில் சொன்னாலும் கேட்டுக்கொண்டு, பிறகு ஆரணிக்கு வா. எந்த பஸ்ஸில் வந்தாலும் சரி, அன்று நீ வரும்வரை நான் சாப்பிடாமல் இருப்பேன்.

உன் அக்கா
கீதா